கலைப்புல முனைவர் பட்ட மாணவர்களுக்கு 12 வார முறையியல் பயிற்சி: எதை வைப்பது, எதை எடுப்பது? (இணைய விவாத இழை; ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

பாடவேளை:

முதலாண்டு முனைவர் பட்ட மாணவர்கள் 14 பேர். இலக்கியம் 6, வரலாறு 4, மொழியியல் 2, மெய்யியல் 2. வாரத்துக்கு 3 மணி நேரம், மொத்தம் 12 வாரம். கையில் இருக்கும் பாடத்திட்டம் சமூக அறிவியலுக்கு எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டியது: கருதுகோள், சார்ந்த மாறி, சாரா மாறி, மாதிரியெடுப்பு, வினாநிரல், கடைசி 2 வாரம் துணைநூற்பட்டியல் வடிவம். தேர்வில் எல்லாரும் நன்றாகவே எழுதிவிடுகிறார்கள். ஆய்வு முன்மொழிவு என்று வரும்போது முறையியல் பகுதியில் ஒரே வரிதான்: "இவ்வாய்வு விளக்கமுறை, பகுப்பாய்வு முறை, ஒப்பீட்டு முறை ஆகியவற்றைப் பின்பற்றுகிறது." தலைப்பை மட்டும் மாற்றி 14 பேரும் அதே பக்கத்தைக் கொடுத்துவிடலாம்.

நான்கு துறைக்கும் பொதுவாக எதைச் சொல்லித்தருவது? மென்பொருளுக்கு எத்தனை வாரம் ஒதுக்குவது? எழுத்துத் தேர்வு இல்லாமல் எப்படி மதிப்பிடுவது? பாடத்திட்டத்தை மாற்ற இடமிருக்கிறது, வாரத்தைக் கூட்ட இடமில்லை.

ஏட்டுக்கட்டு:

அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்குங்கள். முதல் வகுப்பில் அதைப் பலகையில் எழுதிவிட்டு, இதைப் படித்தவர் இந்த ஆய்வைத் திரும்பச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். பிறகு ஒரே விதி: முறையியலைப் பெயர்ச்சொல்லில் எழுதக் கூடாது, வினைமுற்றில் எழுத வேண்டும். எதை எடுத்தேன், எதை விட்டேன், எதை எண்ணினேன், எதை எதனோடு ஒத்துப் பார்த்தேன்.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுக் காட்டலாம். தலைப்பு: ஒரு வார இதழின் 20 ஆண்டுச் சிறுகதைகளில் கடிதம் என்னும் உத்தி. 20 ஆண்டு என்றால் சுமார் 1,040 இதழ். பல நூலகங்களில் தேடிச் சேர்த்தால் 870 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 170 எங்கெங்கே விழுகிறது? 20 ஆண்டிலும் சிதறிக் கிடந்தால் பெரிய சேதமில்லை. அதில் 104 இதழ் அடுத்தடுத்த இரண்டு முழு ஆண்டுகள் என்றால், "இக்காலத்தில் கடித உத்தி அருகிவிட்டது" என்று எழுதவே கூடாது. அருகியது இதழ்.

அடுத்து, எது கடிதம்? கதை முழுக்கக் கடிதமாக இருந்தால்தானா, பாத்திரம் நடுவில் ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்தாலும் கணக்கா, தந்தி சேருமா? தொடர்கதையின் ஓர் அத்தியாயம் தனிக்கதையா? இந்த முடிவுகளைக் காரணத்தோடு எழுதினால் அரைப் பக்கம் வரும். முன்மொழிவில் இருக்க வேண்டியது அந்த அரைப் பக்கம்.

அதன்பின் மூன்று வாரம் ஒற்றை ஆதாரத்துக்கே கொடுங்கள். ஒவ்வொருவரும் தன் ஆய்வுப்பொருளிலிருந்து ஒரே ஒரு பக்கம் கொண்டு வரட்டும்: கவிதை, கடிதம், தீர்ப்பு, அகராதிப் பதிவு, எதுவானாலும். முதல் ஒரு மணி நேரம் பொருள் சொல்ல விடாதீர்கள். கையில் இருப்பது மூலமா, படியா, படியின் படியா? எந்தப் பதிப்பு, பதிப்பாசிரியர் எங்கே கைவைத்தார்? யார், யாருக்காக, எத்தனை நாள் கழித்து எழுதியது? யார் பாதுகாத்ததால் இது தப்பியது? இது புறத்திறனாய்வு. சொல்வதை நம்பலாமா என்னும் அகத்திறனாய்வு அதற்குப் பிறகுதான். மாணவர்கள் வழக்கமாக இரண்டாவதில் குதித்துவிட்டு முதலாவதை அடிக்குறிப்பில் சமாளிப்பார்கள்.

வகுப்பில் வைக்க இரண்டு பழைய வழக்குகள் போதும். ஒன்று, மேற்கு ரோமப் பேரரசின் ஆட்சியைப் போப்புக்குக் கொடுத்ததாகச் சொல்லும் "கான்ஸ்டன்டைனின் நன்கொடை" போலி என்று 1440இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா காட்டியது. 4ஆம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஆவணத்தில் "சத்ரப்புகள்" (பாரசீக ஆளுநர்கள்) எங்கிருந்து வந்தார்கள் என்று அவர் மடக்கினார். சொல்லாட்சியே காலத்தைக் காட்டிக்கொடுத்தது. இன்னொன்று, ஹிட்லரே எழுதியதாக 1983இல் வெளிவந்த போலி "ஹிட்லர் நாட்குறிப்புகள்". கையெழுத்து பொருந்துகிறது என்று நிபுணர்கள் சொன்னார்கள். ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலேயே சில அதே போலிக்காரர் எழுதியவை. கடைசியில் போருக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டி தாளில் இருந்தது பிடித்துக் கொடுத்தது. நம் துறைக்கு இரண்டாவது வழக்குதான் அதிகம் பயன்படும்: எதோடு ஒப்பிடுகிறோமோ அதற்கும் பூர்வீகம் கேட்க வேண்டும்.

கொம்பும் காலும்:

ஏட்டுக்கட்டு சொன்னதோடு உடன்பாடுதான். அவர் தொடாத மென்பொருள் கேள்விக்கு வருகிறேன். மென்பொருளுக்கு 2 வாரம் போதும். அதில் ஒன்றை 2ஆம் வாரத்திலேயே வையுங்கள். ஆறு மாதக் குறிப்பு சேர்ந்த பிறகு கோப்புப் பெயரை மாற்றச் சொன்னால் யாரும் மாற்ற மாட்டார்கள்.

அந்த வாரத்துக்கு இரண்டே வேலை. முதலாவது, ஆவணக் காப்பகப் படங்கள். படம் எடுக்க அனுமதி உள்ள இடத்தில் ஒரே நாளில் 400 படம் சேர்வது சாதாரணம். கேமரா வைத்த பெயரோடு விட்டால் மூன்று மாதத்தில் எது எந்தக் கோப்பு என்றே தெரியாது. ஒவ்வொரு கோப்பிலும் முதல் படம் அட்டையும் கோப்பு எண்ணும். பிறகு தாள் வரிசையில், நான்கு ஓரமும் தெரிய. பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் ஒரு படம், இல்லாவிட்டால் "எடுக்க மறந்தேனா, எழுத்தே இல்லையா" என்ற சந்தேகத்துக்காக மறுபடி பயணம் போக வேண்டிவரும். பெயர் இந்த வரிசையில்: காப்பகம்_தொகுதி_கோப்பு_தாள். எண்ணை 7 என்று வைக்காமல் 0007 என்று வைத்தால் 10 வந்து 2க்கு முன்னால் நிற்காது. படங்களை விவரக்குறிப்போடு அடுக்க ட்ரோபி என்னும் மென்பொருள் இருக்கிறது. துணைநூல் விவரங்களைச் சேர்த்துவைக்கும் ஜோட்டெரோ மென்பொருளை 2006இல் கொண்டுவந்த ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக மையமே 2017இல் இதையும் வெளியிட்டது.

இரண்டாவது ஜோட்டெரோ. நூலகப் பட்டியலிலிருந்து ஒரே சொடுக்கில் விவரம் வந்துவிடும் என்பதுதான் ஆபத்து. மொழிபெயர்ப்பாளர் ஆசிரியராக உட்கார்ந்திருப்பார், மறுபதிப்பு ஆண்டு முதற்பதிப்பு ஆண்டாக இருக்கும், தொகுப்பு நூலின் கட்டுரைக்குப் பக்க எண் இருக்காது. வகுப்பில் 10 நூலை இறக்கச் சொல்லி, தலைப்புப் பக்கத்தோடும் அதன் பின்பக்கத்தோடும் ஒப்பிட்டுத் திருத்த வையுங்கள்.

மின்னுரையில், அதாவது கணினியில் தேடக்கூடிய உரையில், வேலை செய்பவர்களுக்கு இன்னொரு வாரம், 6ஆம் வாரம் போல. பக்கப் படத்தை உரையாக மாற்றும் எழுத்துணரி "98% துல்லியம்" என்று காட்டினால் அது எழுத்துக் கணக்கு. 8 எழுத்துச் சொல் ஒன்று முழுசாகச் சரியாக வர 0.98ஐ 8 முறை பெருக்க வேண்டும், சுமார் 85%. அதாவது ஏழு சொல்லுக்கு ஒன்று பழுது. பழுதும் சமமாகப் பரவாது. மங்கிய அச்சிலும் இரட்டைப் பத்திப் பக்கத்திலும் கொத்துக் கொத்தாக விழும். பழைய இதழ்களில் ஒரு சொல் குறைவாகக் கிடைத்தால், சொல் அப்போது புழங்கவில்லையா, எழுத்துணரிக்குத் தெரியவில்லையா? பத்தாண்டுக்கு 10 பக்கம் குலுக்கிப் போட்டு எடுத்துக் கையால் தட்டச்சு செய்து ஒப்பிட்டால் விடை கிடைக்கும். கையெழுத்துப் பிரதி என்றால் கையெழுத்தைப் படிக்கும் டிரான்ஸ்கிரிபஸ் மாதிரி கருவிக்குப் பயிற்சி கொடுக்கவே 5,000 முதல் 15,000 சொல் வரை கையால் பெயர்த்தெழுதித் தர வேண்டும். மொத்தமே 80 பக்கம் உள்ளவர் அதற்குள் போக வேண்டாம்.

தமிழ் உரைக்கு மட்டுமான ஒரு பொறி உண்டு. "கொ" என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் வைக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சில தேடல் நிரல்களுக்கு வெவ்வேறு. "கொடை" என்று தேடினால் பாதி மட்டும் வந்து நிற்கும், பிழைச் செய்தியும் வராது. எல்லாக் கோப்பையும் என்எஃப்சி என்னும் யூனிகோட் இயல்பாக்கத்துக்கு முதலிலேயே மாற்றிவிடுங்கள். பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்தது இருந்தால் அதற்கும் முன்னால் யூனிகோடாக்க வேண்டும்.

எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடவும் விடாதீர்கள். 50,000 சொல் உள்ள தொகுப்பில் 40 முறை, 3 லட்சம் சொல் உள்ளதில் 90 முறை என்றால், லட்சத்துக்கு 80ம் 30ம். கூடியதாகத் தெரிந்தது உண்மையில் குறைந்திருக்கிறது.

காப்புப்படி பற்றி ஒரு வாக்கியம்: மூன்று படி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். மேகத்தோடு தானாக ஒத்திசையும் கோப்புறையைக் காப்புப்படி என்று எண்ண வேண்டாம், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

ஒலிநாடா:

நேர்காணல் எடுக்கப் போறவங்க இந்த 14 பேர்ல நாலஞ்சு பேராவது இருப்பாங்க. அவங்களுக்கு வினாநிரல் சொல்லித் தர்றதைவிட ஒப்புதல், ஒலிப்பதிவு, பெயர்த்தெழுதுறது இந்த மூணையும் சொல்லித் தாங்க.

ஒப்புதல் படிவத்துல "ஆய்வுக்குப் பயன்படுத்தச் சம்மதம்"னு ஒரே கையெழுத்து வாங்குறாங்க. அது போதாது. ஒலிப்பதிவு செய்யலாமா, பேரைப் போடலாமா, வார்த்தைக்கு வார்த்தை மேற்கோள் காட்டலாமா, ஆய்வு முடிஞ்சதும் பதிவைக் காப்பகத்துக்குக் கொடுக்கலாமா, எந்தத் தேதிக்குள்ள பின்வாங்கலாம்னு தனித்தனி வரி வேணும். கடைசி வரி ரொம்ப முக்கியம். ஆய்வேடு அச்சான பிறகு பின்வாங்குறேன்னா என்ன செய்யுறது? நெறிமுறைக் குழு ஒப்புதலுக்கு முன்னாடி எடுத்த பேட்டிய பிற்பாடு சேர்த்துக்க முடியாதுங்கறதையும் முதல் வாரமே சொல்லிடுங்க.

பதிவு: சுருக்கப்படாத வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டீரியோல ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1 ஜிபி ஆகும். செல்பேசியில எடுத்தா ஏர்பிளேன் மோடுல போடணும், நடுவுல அழைப்பு வந்தா பதிவு நின்னுடும். தொடங்கினதும் 30 நொடி பேசாம அறையின் சத்தத்த மட்டும் பதிவு செஞ்சு, காதுல கருவி மாட்டிக் கேட்டுப் பார்க்கணும். மின்விசிறி இரைச்சல் அப்பத்தான் தெரியும், நேர்ல நம்ம காது அதைக் கழிச்சிடும்.

பெயர்த்தெழுத ஒரு மணி நேரப் பேட்டிக்கு 4லிருந்து 6 மணி நேரம். நாலு பேர் ஒண்ணாப் பேசினா இன்னும் கூடும். 30 பேட்டின்னு முன்மொழிவுல எழுதுறவங்கள 30 × 5 = 150 மணி நேரம்னு பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்க, எண்ணிக்கை தானா இறங்கும். மொழியியல் ரெண்டு பேருக்கும் ஈலான்ங்கற மென்பொருளக் காட்டுங்க, நெதர்லாந்துல நைமேகனில் இருக்குற மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தோடது. ஒலியோட நேரத்துக்கு நேர் எழுத்த அடுக்கலாம்.

"தகவலாளி தேதிய தப்பாச் சொல்றார், என்ன செய்ய?"ன்னு கட்டாயம் கேப்பாங்க. இத்தாலியில டெர்னி நகரத்துல 1949 மார்ச்சுல லூய்ஜி த்ராஸ்துல்லிங்கற ஆலைத் தொழிலாளி நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்துல கொல்லப்பட்டார். பின்னாடி பேட்டி கொடுத்தவங்கள்ல பலர் அதை 1953 ஆட்குறைப்புப் போராட்டத்துல நடந்ததாச் சொன்னாங்க. வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்ட்டெல்லி அந்தத் தப்பையே ஆதாரமா எடுத்தார்: ஊருக்கு எது பெரிய காயம்னு அது காட்டுது. ஆனா ஒண்ணு, தேதி தப்புன்னு எழுத்து ஆவணத்த வெச்சு உறுதி செஞ்ச பிறகுதான் இந்த வாசிப்பு செல்லும். மாணவர்கள் முதல் பாதிய விட்டுட்டு ரெண்டாவது பாதிய மட்டும் எடுத்துக்குவாங்க.

பேட்டிப் பகுதிகளுக்குக் குறியிடும்போது, அதாவது எதப் பத்தின பகுதின்னு பேர் வைக்கும்போது, ரெண்டு பேர் தனித்தனியாக் குறியிட்டு ஒத்துப் பாருங்க. 100 பகுதியில "தயக்கம்"ங்கற குறிய ரெண்டு பேரும் போட்டது 4, ரெண்டு பேரும் போடாதது 84, ஒருத்தர் மட்டும் போட்டது ஆளுக்கு 6. உடன்பாடு 88%னு சந்தோஷப்பட வேண்டாம். குறி அரிதா வர்றதால தற்செயலாவே 82% ஒத்துப்போகும். தற்செயல் உடன்பாட்டக் கழிச்சுக் காட்டுற, கோஹன் 1960ல சொன்ன கப்பா கணக்குல இது 0.33தான். அந்த எண்ண ஆய்வேட்டுல போடணும்னு இல்ல. பிரிஞ்ச 12 பகுதிய மேசையில வெச்சு ஏன் பிரிஞ்சீங்கன்னு ஒரு மணி நேரம் பேச விடுங்க, குறியோட வரையறை அங்கதான் எழுதப்படும்.

பாடவேளை:

மூவருக்கும் நன்றி. தோராயமாக இப்படிப் பிரிக்கிறேன்: 1ஆம் வாரம் அந்த ஒரு வரி, 2 கோப்பும் ஜோட்டெரோவும், 3 முதல் 5 ஒற்றை ஆதாரம், 6 மின்னுரை, 7, 8 தனித்தனிக் குழு, 9 முந்தைய ஆய்வுகள், 10, 11 எழுத்து, 12 மதிப்பீடு. 7, 8இல் மெய்யியல் மாணவர்கள் இருவரும் என்ன செய்வார்கள்? அவர்களுக்குக் காப்பகம் இல்லை, பேட்டி இல்லை. ஒரு நூல், 300 பக்கம், அவ்வளவுதான்.

மறுதலை:

மெய்யியலுக்கு மட்டுமில்லை, கோட்பாட்டை எடுத்தாளும் இலக்கிய மாணவர்களையும் இந்தக் குழுவில் சேருங்கள். எல்லாரையும் காப்பகத்துக்கு அனுப்பும் போக்கு இந்த இழையில் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது.

பயிற்சி: ஒரே ஒரு பத்தி. முதலில் முடிபை ஒரு வாக்கியத்தில் எழுத வேண்டும். பிறகு அதற்கு வேண்டிய எடுகோள்களை எண்ணிட்டு எழுத வேண்டும். ஒவ்வொன்றின் எதிரிலும் "நூலில் உள்ளது" என்று பக்கத்தோடு, அல்லது "நான் சேர்த்தது" என்று. ஒரு பத்திக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 வரி வரும். நான் சேர்த்தது மூன்றைத் தாண்டினால் ஒன்று வாசிப்பு தவறு, இல்லை பத்தியில் ஓட்டை. எது என்று சொல்ல வேண்டியது மாணவர். அதிகம் நடக்கும் பிழை, ஒரே சொல் இரண்டாம் வரியில் ஒரு பொருளிலும் ஐந்தாம் வரியில் வேறு பொருளிலும் வருவதைக் கவனிக்காமல் வழுவழுப்பாக எழுதிவிடுவது.

மொழிபெயர்ப்பில் படிப்பவர்களுக்கு இன்னொன்று. ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட்டின் "அன்ஷாவுங்" ஆங்கிலத்தில் "இன்டியூஷன்" ஆனது. அங்கிருந்து "உள்ளுணர்வு" என்று தமிழுக்குக் கொண்டுவந்தால் இயல் முழுக்கத் தடம் மாறும். கான்ட் பேசுவது பொருள் நமக்கு நேரே தரப்படுவதைப் பற்றி. மனத்துக்குள் எழும் ஊகத்தைப் பற்றியல்ல. கலைச்சொல் ஒவ்வொன்றுக்கும் மூலச்சொல், இரண்டு மொழிபெயர்ப்பில் அதற்கான சொல், தான் எடுத்த சொல், காரணம் என்று நாலு கட்டத்தில் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளட்டும். மூலமொழி தெரியாவிட்டாலும் இது முடியும், 20 சொல்லைத் தாண்டாது.

பக்க எண்ணும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பிளேட்டோவுக்கு 1578ஆம் ஆண்டு ஸ்டெபானுஸ் பதிப்பின் எண், அரிஸ்டாட்டிலுக்கு 1831இல் தொடங்கிய பெக்கர் பதிப்பின் எண், கான்ட்டின் முதல் விமரிசனமான "தூய அறிவின் விமரிசன"த்துக்கு 1781 பதிப்பு ஏ, 1787 பதிப்பு பி. நல்ல மொழிபெயர்ப்புகளில் இவை ஓரத்தில் அச்சாகியிருக்கும். ஓரத்தில் இல்லாத மொழிபெயர்ப்பை ஆய்வுக்கு எடுக்க வேண்டாம்.

9ஆம் வாரத்துக்கு ஒரு சொல். முந்தைய ஆய்வுகளை ஆளுக்கொரு பத்தியாகச் சுருக்கி அடுக்கவிடாதீர்கள். ஓர் அட்டவணை போடச் சொல்லுங்கள். வரிசைக்கு ஒன்றாக 12 ஆய்வு, ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டத்தில் நான்கு கேள்வி: என்ன சொல்கிறது, எந்த ஆதாரத்தின் மேல், எதைப் பார்க்கவில்லை, யாரோடு முரண்படுகிறது. கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தால் அந்த நூலை இன்னும் படித்து முடிக்கவில்லை என்று பொருள்.

ஏட்டுக்கட்டு:

காப்பகம் தூக்கல் என்ற குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். மதிப்பீட்டுக்கு வருகிறேன்.

12ஆம் வாரம் ஒவ்வொருவரும் 1,500 சொல் கட்டுரை, 10 அடிக்குறிப்பு, ஆதாரக் கோப்புறை மூன்றையும் கொடுக்க வேண்டும். சீட்டுப் போட்டு வேறு துறை மாணவர் ஒருவரிடம் அதை ஒப்படையுங்கள். அவர் 10இல் 5 குறிப்பைக் குலுக்கி எடுத்து, எழுதியவரிடம் எதுவும் கேட்காமல் 90 நிமிடத்தில் ஆதாரம் வரை போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண்: கோப்பு கிடைத்ததா, பதிப்பும் பக்கமும் சரியா, மேற்கோள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா, ஆதாரம் சொல்வதைவிடக் கட்டுரை கூடுதலாகச் சொல்லாமல் இருக்கிறதா. மொத்தம் 20. பேட்டிப் பதிவு இருந்தால் ஒப்புதல் படிவத்தில் அதற்கு வரி உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் பெயர் நீக்கிய பெயர்த்தெழுத்தை மட்டும் கொடுங்கள்.

முதல் மூன்றில் விழுவதைத் திருத்திவிடலாம்: இன்னொருவர் நூலில் பார்த்த மேற்கோளை மூலத்தைப் பார்த்ததுபோல் காட்டுவது, மின்னூல் கருவியின் இட எண்ணைப் பக்க எண்ணாகப் போடுவது, மூன்று புள்ளி வைத்து "அல்ல" என்ற சொல்லை விழுங்குவது. நான்காவதில்தான் பெரும்பாலோர் விழுவார்கள். ஆதாரத்தில் "நடந்ததாகச் சிலர் கூறுவர்" என்றிருக்கும், கட்டுரையில் "நடந்தது" என்றிருக்கும். அதைத் துறைக்காரர் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடுவார், தெரிந்த விஷயம் என்பதால். அதற்காகத்தான் வேறு துறை மாணவரிடம் கொடுக்கச் சொன்னது.

கொம்பும் காலும்:

90 நிமிடத்தில் முதல் 20 நிமிடம் கோப்புறையைத் திறப்பதற்கே போகும். 11ஆம் வாரமே கோப்புறையை வாங்கி, வேறொரு கணினியில் திறக்கிறதா, படங்கள் எல்லாம் வருகின்றனவா, தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வையுங்கள்.